பொருள்: வீடியோ எஸ்ஸே – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்குத் திரை விமர்சனம் எடுக்கிறேன். எழுதச் சொன்னால் கதைச் சுருக்கமும் ‘நடிப்பு அருமை’யும்தான் வருகின்றன. இந்தப் பருவத்தில் ஐந்து நிமிட வீடியோ எஸ்ஸே, அதாவது படத்தின் காட்சிகளையே வெட்டி அடுக்கி விமர்சனம் சொல்லும் வீடியோ, செய்யச் சொன்னேன். ஒரு மாணவி, வீட்டில் தினமும் பார்க்கும் சீரியல் காட்சி ஒன்றை ஒலியை அணைத்துவிட்டு வெட்டிப் பார்த்தாள். கன்னத்தில் விழுந்தது ஒரே அறை. அதை மூன்று கோணத்தில் மூன்று முறை காட்டியிருக்கிறார்கள். இசை இருந்தவரை அது அவள் கண்ணில் படவே இல்லையாம். இந்தப் பயிற்சிக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்புக்கு நல்ல தமிழ்ச்சொல் தாருங்கள்.
– மஞ்சக்குப்பம்

அம்மா, ‘காணொலிக் கட்டுரை’ என்று போடுங்கள்.
– லாஸ்பேட்டை

ஒலியை எப்படி ஐயா காண்பது? காண் + ஒளி, வினைத்தொகை, காணொளிதான் சரி. எனக்கு அதைவிட ‘விழியம்’ பிடிக்கும். விழியக் கட்டுரை.
– திருப்பாதிரிப்புலியூர்

விழியம் என்றால் என் மாணவர்கள் கண் மருத்துவம் என்பார்கள். இன்னொரு சிக்கல்: காணொளிக் கட்டுரை என்றால் காணொளியைப் பற்றி எழுதிய கட்டுரை என்றுதானே படிப்பார்கள்?
– மஞ்சக்குப்பம்

மண்பானையை மண்ணைப் பற்றிய பானை என்று யாரும் படிப்பதில்லையே. காணொளியால் ஆன கட்டுரை. மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘கட்டுரை’யை விட்டுவிடாதீர்கள். சிலம்பின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன்னே வராமல் பின்னே தோன்றிப் பழங்கதையை எடுத்துச் சொல்கிறது. முகம் காட்டாத குரல், அது விரிக்கும் பழைய காட்சிகள். வாய்ஸ் ஓவர் வேறென்ன? கட்டுவது துண்டுகளை, உரைப்பது குரல். தாளில் எழுதுவதைவிட இதற்கே அந்தப் பெயர் பொருந்தும்.
– திருப்பாதிரிப்புலியூர்

சிலம்பு விளக்கம் அழகு. ஆனால் மூலச்சொல் பிரெஞ்சு. 1580இல் பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேஞ் தம் நூலுக்கு ‘எஸ்ஸே’ என்று பெயர் வைத்தது முயற்சி என்ற பொருளில். முடிவு தெரியாமல் தொடங்கிப் பார்ப்பது. கட்டுரையிலோ எல்லாம் கட்டி முடிந்துவிட்டது. திரைக் கோட்பாட்டாளர் ரேமோன் பெல்லூர் 1975இல் சினிமாவைக் கைக்கு அகப்படாத பனுவல் என்றார். நாவலைப் பற்றி எழுதினால் அதன் வரியையே எடுத்துக்காட்டலாம், படத்தைப் பற்றி எழுதினால் ஓடும் படத்தைத் தாளில் வைக்க முடியாது. இன்று அந்த மாணவி அதையே தொட்டு, நிறுத்தி, திருப்பிப் பார்க்கிறாள். அந்தத் தேடல் சொல்லில் வர வேண்டாமா? ‘காட்சி முயல்வு’ என்கிறேன்.
– முத்தியால்பேட்டை

முயல்வு யாருக்கும் புரியாது.
– லாஸ்பேட்டை

புழங்கினால் புரியும். நம் புதுச்சேரியில் பத்தாண்டு இருந்த பாரதியார் ‘மெம்பர்’ என்பதற்கு அரைமணி நேரம் யோசித்தும் சொல் அகப்படவில்லை என்று எழுதியவர். ‘உறுப்பாளி’யும் அவருக்கு ஒப்பவில்லை. இன்று நியாயவிலைக் கடை வரிசையில் நிற்பவர் வாயிலும் உறுப்பினர்தான்.
– முத்தியால்பேட்டை

மணி பதினொன்று. ‘காணொளிக் கட்டுரை’ என்றே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். முயல்வை முதல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன்.
– மஞ்சக்குப்பம்

அனுப்பியது சரி அம்மா. ஆனால் அந்த மாணவி குரலே சேர்க்காமல், மூன்று அறையையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டு நிறுத்திக்கொண்டால்? அதில் உரை எங்கே?
– முத்தியால்பேட்டை