குதிரை லாயச் சுவரில் மட்டும் பூச்சு நிற்கவில்லை

கேள்வி (தக்கலைக்காரன்): தக்கலை பக்கம் பழைய பங்களா. பின்னால் ஐந்து குதிரை கட்டும் லாயம், அதை ஒட்டி வில்வண்டிக் கொட்டகை. ரெண்டும் ஒரே காலத்துக் கட்டு: வெட்டுக்கல், சுண்ணாம்புச் சாந்து, மங்களூர் ஓடு. கொட்டகைக்கு ஒன்றும் ஆகவில்லை. லாயத்தில் மட்டும் நாலடி உயரம் வரை வெள்ளை பூத்து, சிமெண்ட் பூச்சு தகடு தகடாகக் கழல்கிறது. ஓடு ஒழுகவில்லை. பங்குனி வெயிலிலும் சுவர் நசநச என்றிருக்கிறது. ஏன்?

நாஞ்சில்கொத்தன்: ஒழுக்கைத் தேடாதீங்க, உப்பைத் தேடுங்க. மூத்திரமும் லத்தியும் வருசக்கணக்கா ஊறின சுவர்ல நைட்ரேட்டுங்கிற உப்பு சேரும். வெடிமருந்துக்கு வெடியுப்பு (அதுவும் நைட்ரேட்தான்) காய்ச்சினவங்க தொழுவத்து மண்ணைத் தேடிப் போனது சும்மாவா! சுண்ணாம்போட சேர்ந்து வர்ற கால்சியம் நைட்ரேட், காத்துல ஈரப்பதம் 50-55 சதவீதம் இருந்தாலே தண்ணிய உறிஞ்சும். நம்மூர்க் காத்து என்னைக்கு அதுக்குக் கீழ இறங்குது? மேல சிமெண்ட் பூசினதும் உப்பு பூச்சுக்குப் பின்னால படிகமாகித் தள்ளுது. வெட்டுக்கல்லோட முகமும் சேர்ந்து பெயரும்.

சந்தேகம்னா 5 செ.மீ. ஆழம் துளைச்ச தூளை டிஸ்டில்டு வாட்டர்ல கரைச்சு, மீன்தொட்டிக்கு விக்கிற நைட்ரேட் ஸ்ட்ரிப்பை முக்குங்க. கொட்டகைச் சுவர்த் தூளும் அதே அளவு எடுத்து ஒப்பிடணும்.

ஈரக்கோட்டுக்கு மேல ஒன்றரை அடி வரை சிமெண்டைக் கை உளியால பெயர்த்து, கல் இடுக்கை 15-20 மி.மீ. சுரண்டுங்க. அந்தத் தூளைச் சுவரடியில விடக்கூடாது, மழையில திரும்ப ஏறும். சுவரை லேசா நனைச்சு, களிமண், மணல், காகிதக்கூழ் கலவையை 2 செ.மீ. அப்புங்க. அது உப்பை உறிஞ்சிக் காஞ்சு விலகினதும் எடுத்துத் தூரப் போடுங்க. இப்படி ரெண்டு மூணு தடவை. பிறகு 1:3 சுண்ணாம்பு-மணல் பூச்சு, ஒரு கோட்டுக்கு 10-12 மி.மீ. மிச்ச உப்பு அதுல ஏறி அது உதிரும், திரும்பப் பூசணும். கல் தப்பிக்கும். பெயிண்ட் வேண்டாம், வெள்ளையடிச்சா போதும்.

இன்னொரு பதில் (ஓட்டுக்கூரை): ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சு தை, மாசியில வேலையை வையுங்க. கடல் மணல் கூடவே கூடாது, அதுலயும் உப்புதான். தரை சிமெண்டா?

தக்கலைக்காரன்: ஆமாம், கல்தளத்து மேலேயே போட்டிருக்கு. இன்னொன்று: ரெண்டு காடி (தீவனத் தொட்டி) நெஞ்சளவு, மூணு காடி முழங்காலளவு. இடித்து ஒரே மட்டமாக்கலாமா?

ஓட்டுக்கூரை: இடிச்சிராதீங்க அண்ணே. உயரமானது குதிரைக்கு, தாழ்வானது பின்னாடி மாடு கட்டினப்போ வச்சதா இருக்கும். சிமெண்ட் தரையை எடுத்தா தாழ்ந்த காடியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி மூத்திர வாய்க்கால் கிடைக்கலாம். அது அடைஞ்சிருந்தா முதல்ல அதைத் திறங்க. கல்தளம் அஞ்சடிக்கு ஓர் அங்குலமாவது அதைப் பாத்துச் சரியணும். அதுக்கப்புறம் சுவரைத் தொடுங்க.