கார்பன் மோனாக்சைடு (சிஓ) அலாரம் அடித்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா?

மழைச்சாரல்:

இங்கே படிக்க மட்டும்தான் வருவேன். நடந்து ஐந்து மாதம் ஆகியும் மனதை விட்டு இறங்காததால் எழுதுகிறேன்.

ஹாலில் கேஸ் ரூம் ஹீட்டர். நல்ல குளிர், ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ராத்திரி இரண்டரை இருக்கும், நடைவழியில் மாட்டியிருந்த கார்பன் மோனாக்சைடு (எதுவும் சரியாக எரியாதபோது வரும், மணமில்லாத விஷவாயு) அலாரம் கத்த ஆரம்பித்தது. முந்தின வாரம்தான் புகை அலாரத்தில் பேட்டரி தீர்ந்துபோய் நிமிடத்துக்கு ஒரு தடவை கிச்சென்று கத்திக்கொண்டிருந்தது. இதுவும் அதேதான் என்று தூக்கக் கலக்கத்தில் முடிவுகட்டி, நாற்காலி போட்டு ஏறி, பேட்டரி இரண்டையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன். ஏறும்போது கால் தள்ளாடியது. அதையும் தூக்கம் என்றே நினைத்தேன்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. பாத்ரூம் போக எழுந்த மனைவி கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "கதவைத் திறங்க, கதவைத் திறங்க" என்றாள். பையனை இரண்டு முறை கூப்பிட்டும் எழவில்லை. தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, அங்கிருந்து போன் செய்தோம். மூன்று பேருக்கும் ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றச் சொன்னபோது அந்த இரண்டு பேட்டரியும் தரையில் விழுந்து உருண்டன. பையன் மாஸ்க்கோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் கேட்கவில்லை.

நான்கு பீப், கொஞ்சம் இடைவெளி, மறுபடி நான்கு பீப். கார்பன் மோனாக்சைடு என்றால் அப்படித்தான் அடிக்கும். எப்போதாவது ஒரே ஒரு பீப் என்றால்தான் பேட்டரி. கையேட்டின் ஆரம்பத்திலேயே போட்டிருக்கிறது, நான் பிரித்துப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தால் ஹீட்டரின் புகைக்குழாய் மேல்முனையில் பறவைக் கூடு.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

மாடிப்படி:

படிச்சதும் கை நடுங்குது சார். குடும்பத்தோட நல்லா இருக்கீங்களே, அது போதும்.

எங்க வீட்லயும் அடிச்சுச்சு. ஆனா அன்னைக்கு வீட்ல நெருப்பே இல்ல. அடுப்பு எரியல, கேஸ் கீசர் ஓடல, வண்டி வெளில நிக்குது. எல்லாரும் வெளிய வந்துட்டோம். தீயணைப்புக்காரங்க வந்து அவங்க மீட்டரை எடுத்துட்டு உள்ள போனா, அதுலயும் நம்பர் ஏறுது! அறை அறையா தேடுறாங்க, ஒண்ணும் கிடைக்கல. கடைசில வயசான ஒருத்தர் மாடிப்படிக்குக் கீழ இருக்கிற இன்வெர்ட்டர் பேட்டரி மேல கைய வெச்சார். சட்டுனு எடுத்துட்டார். "இது கொதிக்குதேம்மா" அப்படின்னார். பக்கவாட்டுல வீங்கியிருந்துச்சு, லேசா அழுகின முட்டை வாசனை. சார்ஜர் கெட்டுப்போய் ராத்திரி பூரா சார்ஜ் ஏத்திக்கிட்டே இருந்திருக்கு. அதுலேர்ந்து வந்த ஹைட்ரஜனைத்தான் அலாரம் கார்பன் மோனாக்சைடுன்னு எடுத்துக்கிச்சாம். அவங்க மீட்டர்லயும் அதே வகை சென்சார்தான், அதனால அதுவும் ஏமாந்துடுச்சு.

பொய் அலாரம்தான், ஆனா அந்த மனுஷன் கைய எடுத்த வேகம் இன்னும் கண்ணுல நிக்குது.

கம்பியும் கருவியும்:

"பொய் அலாரம்" என்று எழுதியதை ஏற்க முடியவில்லை, மாடிப்படி. மூடிய இடத்தில் காற்றில் நான்கு சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அந்த அலாரம் வேறொரு வாயுவின் பெயரைச் சொல்லி உங்கள் வீட்டைக் காப்பாற்றியிருக்கிறது. பொய் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த முறை அடிக்கும்போது வீட்டில் யாரும் எழமாட்டார்கள்.

என் கதை சிறியது. அம்மா தனியாக இருக்கிறார். நானே ஒரு அலாரம் வாங்கிக்கொண்டு போய்த் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டினேன். கேஸ் கசிவுக்கான டிடெக்டர் அங்கேதான் இருந்தது, அதன் பக்கத்திலேயே இதுவும் இருக்கட்டும் என்று. அடுத்த முறை போனபோது அதன் முன்னால் ஒரு திரைச்சீலை தொங்கியது. திரையை விலக்கினால் அலாரத்தின் துளைகள் முழுக்கத் தூசி. அம்மா ஒரு மாதமாகத் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். கீசரைச் சரிபார்த்து மாற்றியதும் தலைவலி போய்விட்டது.

எல்லாருக்கும் சொல்கிறேன். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். அதன் டிடெக்டர் கீழே இருப்பது சரி. கார்பன் மோனாக்சைடு அப்படியல்ல. அதன் மூலக்கூறு எடை 28, காற்றின் சராசரி எடை சுமார் 29. ஏறக்குறைய சமம் என்பதால் அறை முழுக்கக் கலந்துவிடும், சூடான புகையோடு வந்தால் மேலேயும் ஏறும். ஆகவே இதை மூச்சுவிடும் உயரத்திலோ அதற்கு மேலோ மாட்டுங்கள். படுக்கையறைக்குப் பக்கத்தில், தூங்குகிறவரை எழுப்பும் தூரத்தில் இருக்கட்டும். மாடி இருந்தால் மாடிக்கும் ஒன்று. அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், பாத்ரூம் நீராவியில் வேண்டாம், ஜன்னல் ஓரத்திலும் மின்விசிறிக் காற்று நேராக அடிக்கும் இடத்திலும் வேண்டாம், அலமாரிக்குப் பின்னால் வேண்டவே வேண்டாம். எரியும் சாதனத்திலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல், மூன்று மீட்டருக்கு மிகாமல். மாதம் ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் நாட்களில் அலாரத்தைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள், அந்த ஆவி சென்சாரைக் கெடுக்கும். ஸ்ப்ரே அடித்துத் துடைக்காதீர்கள். மழைச்சாரல் சார், அலாரம் அடித்தால் முதலில் எல்லாரும் வெளியே, பிறகு போன், பிறகுதான் காரணம் தேடுவது.

வார்டு விளக்கு:

நான் செவிலியர். இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

தலைவலி, வாந்தி, உடம்பெல்லாம் சோர்வு என்று ஒரு பெண் வந்தார். காய்ச்சல் இல்லை. விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நான்தான் மாட்டினேன். 99 காட்டியது. "ஆக்ஸிஜன் நல்லா இருக்கும்மா" என்று சொன்னதும் நான்தான். மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று இரவே திரும்பி வந்தார், இரண்டு பிள்ளைகளோடு, மூன்று பேருக்கும் அதே தலைவலி. அப்போதுதான் டாக்டர் வீட்டில் எது எரிகிறது என்று கேட்டு, ரத்தம் எடுத்து அதற்கான கருவியில் பார்க்கச் சொன்னார்.

கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டும் சாதாரணக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விஷம் ஏறியிருந்தாலும் 99 காட்டும். வீட்டில் அந்தக் கருவியை வைத்துக்கொண்டு "எண் சரியாக இருக்கிறதே" என்று யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ரத்தத்தில் ஏறியது பாதியாகக் குறையச் சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க்கில் முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். வெளியே வந்தபின் தலைவலி குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்னும் அவசரம், வயிற்றுக் குழந்தையின் ரத்தம் இதை மேலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

மழைச்சாரல் அண்ணா, சில பேருக்கு நன்றாகத் தேறிய பிறகு, சில நாட்களோ வாரங்களோ கழித்து மறதி, நடையில் தடுமாற்றம், குணமாற்றம் வரும். பிள்ளைக்கு அப்படி ஏதாவது இருந்ததா? மறுபரிசோதனைக்குப் போனீர்களா?

அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் நலமாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். போகும்போது எனக்கு நன்றி சொன்னார்.

ஊதாப்பூ:

கம்பியும் கருவியும் அண்ணா, எங்க அலாரத்தோட கையேட்டுல எரியுற சாதனத்திலேர்ந்து நாலரை மீட்டராவது தள்ளி மாட்டணும்னு போட்டிருக்கு. நீங்க மூணுக்கு மேல கூடாதுங்கிறீங்க. ஒரு ஊர் தரநிலைக்குச் செஞ்சது இன்னொரு ஊர் கணக்குக்கு ஒத்துவராது. அவங்கவங்க கையேட்டுல என்ன இருக்கோ அதைப் பாருங்கன்னு சொல்லிருக்கலாம்.

இன்னொண்ணு. எல்லாரும் அலாரம் அடிச்சதைப் பத்தியே பேசுறீங்க. எங்க வீட்ல அது அடிக்கவே இல்ல.

ஒரு மாசமா ராத்திரி ஆனா தலைவலி. எனக்கு, அவருக்கு, மாமியாருக்கு. ஆபீஸ் போனா சரியாயிடும். எங்களது எண் காட்டுற அலாரம். பார்க்கும்போதெல்லாம் பூஜ்யம்தான். ஒரு நாள் சும்மா உச்ச அளவைக் காட்டுற பட்டனை அமுக்கினேன். 46 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றுல 46 பங்கு. எப்போ ஏறுச்சுன்னே தெரியல.

46 இருந்தா ஏன் அடிக்கலன்னு சண்டை போடத்தான் கையேட்டைப் பிரிச்சேன். அது அளவையும் நேரத்தையும் சேர்த்துத்தான் பார்க்குமாம். ஐரோப்பிய இஎன் 50291 தரநிலையில 50 பிபிஎம்னா ஒரு மணி நேரத்துக்கு மேல, ஒன்றரை மணிக்குள்ள அடிக்கணும். 100னா 10லேர்ந்து 40 நிமிஷத்துக்குள்ள. 300னா மூணு நிமிஷத்துக்குள்ள. அமெரிக்க யூஎல் 2034ல 70லேர்ந்துதான் ஆரம்பமே, அதுவும் ஒரு மணி முதல் நாலு மணி நேரம் வரைக்கும். அதனால அரை மணி நேரம் 46 இருந்தா அது சத்தமில்லாமத்தான் இருக்கும். அடிக்கலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல.

டெக்னீஷியன் வந்து கீசரை ஓட்டிப் பார்த்தார், நல்லா இருந்துச்சு. கிளம்பப் போனவரை நிறுத்தி, நாங்க ராத்திரில இருக்கிற மாதிரியே ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைச்சு, அந்தப் புகையை கீசரோட புகைக்குழாய் ஆரம்பிக்கிற இடத்துல பிடிச்சார். மேல போக வேண்டிய புகை அப்படியே வளைஞ்சு என் முகத்துக்கு வந்துச்சு. ஃபேன் வெளிய தள்ளுற காற்றுக்குப் பதில் காற்று வேணும்ல, அது புகைக்குழாய் வழியா உள்ள இறங்கிட்டிருக்கு. நாலு வாரம் அதைத்தான் மூச்சா இழுத்திருக்கோம்.

பழைய ரேடியோ:

அப்பா ஒவ்வொரு ஞாயிறும் டெஸ்ட் பட்டனை அழுத்துவார். சத்தம் வந்ததும் "வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டு உட்காருவார். பதினோரு வருடம். போன மாதம் பெயின்ட் அடிக்கக் கழற்றியபோதுதான் பின்பக்கம் பார்த்தேன். இந்த வருடத்துக்குள் மாற்றவும் என்று அச்சடித்திருந்த வருடம் கடந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. பட்டன் சோதிப்பது ஒலியையும் மின்சுற்றையும் பேட்டரியையும்தான். பெரும்பாலான கருவிகளில் அது சென்சாரைத் தொடுவதே இல்லை. உள்ளே இருக்கும் சென்சார் ஐந்து முதல் பத்து வருடத்துக்குள் தீர்ந்துவிடும்.

அப்பாவிடம் சொன்னேன். கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ இவ்ளோ நாள் நாம சும்மாதான் தூங்கினோமா" என்று கேட்டார்.

மழைச்சாரல்:

எல்லாருக்கும் நன்றி. வார்டு விளக்கு தங்கச்சி, ஒன்றரை மாதத்தில் மறுபரிசோதனை செய்தோம். பையன் நன்றாக இருக்கிறான், பள்ளியிலும் விசாரித்தோம். கொஞ்ச நாள் மறதி இருந்தது எனக்குத்தான், இப்போது இல்லை. அந்த 99க்காக உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம். பேட்டரியைக் கழற்றியவன் சொல்கிறேன்.

பழைய ரேடியோ எழுதியதைப் படித்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன். எங்கள் அலாரத்துக்கு இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி. அதற்காகக் காத்திராமல் இன்று புதிது வாங்கிவிட்டேன். பையன் தானே பேட்டரி போடுவேன் என்றான். போட்டான். பட்டனை அழுத்தி விரல்விட்டு எண்ணினான், நான்கு. "அப்பா, இது அடிச்சா என்னை எழுப்புங்க. நாற்காலில ஏறாதீங்க" என்றான். சரி என்றேன்.

ஊதாப்பூ, அந்தத் தீக்குச்சிச் சோதனையை எங்கள் ஹாலிலும் செய்யச் சொல்லப்போகிறேன். வியாழக்கிழமை ஹீட்டர்காரர் வருகிறார். ஃபேன் எவ்வளவு நேரம் ஓடிய பிறகு பார்த்தார்கள்?

ஊதாப்பூ:

கால் மணி நேரம் இருக்கும். ஹீட்டர் நல்லா சூடான அப்புறம். எல்லா ஃபேனும் ஓடணும், பாத்ரூம் ஃபேன் இருந்தா அதையும் சேர்த்துப் போடுங்க. நீங்களா பண்ண வேண்டாம், அவர் மீட்டரோட வந்த அப்புறம் பண்ணுங்க. தம்பி அந்த நேரம் வெளிய இருக்கட்டும்.