புதுப்பிப்பு: அளவுக் கருவி வேலையில் சேர்ந்துவிட்டேன்

"சின்னப் பிசகும் கண்ணில் பட்டுவிடுகிறது, கருவிகளோடு மல்லுக்கட்டப் பிடிக்கும், எந்த வேலை பொருந்தும்?" என்று முன்பு கேட்டிருந்தேன். தர ஆய்வாளர், நில அளவையாளர், ஆய்வக டெக்னீசியன் என்று ஆளுக்கொன்று சொன்னீர்கள். கடைசியில் காலிபரேஷன் (அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும்) பிரிவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது.

மைக்ரோமீட்டர் என்ற நுண் அளவுக் கருவியில் 0.01 மி.மீ. படிப்பதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். அது ஒரே வாரத்தில் கைவந்துவிட்டது. பெரும்பாடு வெப்பநிலையோடுதான்! நீள அளவுக்கு உலகெங்கும் அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 100 மி.மீ. எஃகுத் துண்டு 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.011 மி.மீ. நீண்டுவிடும்; மைக்ரோமீட்டரில் ஒரு கோடு, அதாவது 0.01 மி.மீ., அங்கேயே போச்சு. கேஜ் பிளாக்கை (கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்க உதவும், நீளம் துல்லியமாகத் தெரிந்த கட்டை) வெறுங்கையில் வெகுநேரம் பிடித்திருந்து, ஆறவிடாமல் அளந்து, நல்ல கருவியைப் பழுது என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது கையுறை போடுகிறேன், ஆறும்வரை காத்திருக்கிறேன்.

பாதி நேரம் எழுத்து வேலை: எந்தக் கருவி, எந்த வெப்பநிலை, எத்தனை முறை அளந்தது, எல்லாம் பதிவாக வேண்டும். இது அலுப்பாக இருக்கும் என்பவர்கள் யோசித்துச் சேருங்கள்; எனக்கு என்னவோ இதுதான் பிடித்திருக்கிறது.

இந்த வேலைக்கு எவ்வளவு கணக்கு தெரிய வேண்டும் என்று கேட்டவருக்கு: ஆரம்பத்தில் தசமமும் சராசரியும் போதும்.

சி.எம்.எம். இயந்திரத்தை (பொருளை முப்பரிமாணத்தில் அளக்கும் இயந்திரம்) இன்னும் தொடவிடவில்லை.