உதவி: வால்வு பிரீஅம்ப் சோதனைப் பெட்டியில் உறுமல், கூடவே கையிலும் ஒரு அடி

கொக்குவில் ஈயக்காரன்:
வணக்கம். கிட்டாருக்கு வால்வு பிரீஅம்ப் (கிட்டாரின் சின்னச் சிக்னலை முதலில் பெருக்கும், கண்ணாடி வால்வு வைத்த சேர்க்கிட்) கட்டிப் பார்க்கும் பைத்தியம் பிடித்து ஒரு வருடமாகிறது. ஒவ்வொரு சேர்க்கிட்டுக்கும் தனித்தனியாகப் பவர் சப்ளை கட்டி அலுத்துப்போனேன். ஒரே சப்ளைப் பெட்டி, அதில் மாற்றி மாற்றிச் செருகச் சின்னப் பலகைகள் என்று போன மாதம் ஒன்று செய்தேன்.

வால்வுக்கென்று சுற்றிய ட்ரான்ஸ்போமர் இங்கே எங்கே கிடைக்கிறது? 230க்கு 12 வோல்ட் ட்ரான்ஸ்போமர் இரண்டை எடுத்து, முதலாவதன் 12 வோல்டை வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கும் கொடுத்து, அதையே இரண்டாவதைத் திருப்பிப் போட்டு மறுபடி ஏற்றினேன். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜும் 47 மைக்ரோபராட் கப்பாசிட்டர் இரண்டும் போட 270 வோல்ட் டிசி கிடைக்கிறது. பலகைக்குப் போவது மூன்று கம்பி: உயர் வோல்ட், ஹீட்டர், இரண்டுக்கும் பொதுவாக கிரவுண்ட். பலகையில் 12ஏஎக்ஸ்7 வால்வு இரண்டு. வால்வின் பிளேட்டில் (நேர்முனை) 100 கே (கிலோஓம்) ரெசிஸ்டர், கதோட்டில் (எதிர்முனை) 1.5 கே. பிளேட்டில் 175 வோல்ட் இருக்கிறது, அதில் பிழை இல்லை.

நேரே ஈயம் பிடித்து ஓட்டியபோது சத்தமே இல்லாத பலகை, பிளக்கில் செருகினால் உறுமுகிறது. பிளக்கை ஆட்டினால் உறுமலும் கூடிக் குறைகிறது. இரண்டாவது கதை: நேற்று சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் பிளக்கைக் கழற்றினேன். விரல் முள்ளில் பட, முழங்கை வரை ஒரு இழுவை. இன்னும் விறைப்பு.

மானிப்பாய் பழைய றேடியோ:
தம்பி, உறுமல் கிடக்கட்டும். முதலில் அந்த அடி. அடித்தது கரண்ட் அல்ல, கப்பாசிட்டரில் தேங்கி நின்ற 270. வடிய வழி இல்லாவிட்டால் அது கனநேரம் அப்படியே இருக்கும். 220 கே, 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கப்பாசிட்டருக்குக் குறுக்கே போடுங்கோ. ஒன்றரை நிமிடத்தில் சில வோல்டுக்கு இறங்கிவிடும். அதைப் பலகையில் போட வேண்டாம், பெட்டிக்குள் போடுங்கோ. பலகையைக் கழற்றும்போது அதுவும் கூடவே போய்விட்டால் என்ன பிரயோசனம்? அப்புறமும் மீற்றர் வைத்துப் பார்க்காமல் தொடக் கூடாது.

ஒரு கேள்வி. முள் இருக்கும் பக்கம் பெட்டியிலா, பலகையிலா?

கொக்குவில் ஈயக்காரன்:
பெட்டியில், ஐயா. பலகையில் துவாரம்.

மானிப்பாய் பழைய றேடியோ:
அதுதான் பிழை. கரண்ட் வரும் பக்கத்தில் எப்போதும் துவாரம்தான். சுவரில் இருக்கும் பிளக் பொயின்டில் முள் நீட்டிக்கொண்டா இருக்கிறது?

திருநெல்வேலி பேஸ்:
எதற்கு இரண்டு ட்ரான்ஸ்போமர்? 230ஐ நேரே பிரிட்ஜில் கொடுத்தால் 320 வோல்ட் சும்மா வருகிறதே. ஹீட்டருக்கு மட்டும் ஒன்று காணும்.

மானிப்பாய் பழைய றேடியோ:
இதை வாசிக்கும் ஒருவரும் செய்துவிட வேண்டாம். கிட்டார் தந்தி சேர்க்கிட்டின் கிரவுண்டோடு சேர்ந்திருப்பது. ட்ரான்ஸ்போமர் இல்லாமல் நேரே எடுத்தால் அந்தக் கிரவுண்ட் மெயின்ஸோடு சேர்ந்துவிடும்; வாசிக்கிறவனின் கை லைனில். அந்தக் கால ஏசி-டிசி றேடியோக்களில் செசி (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) அப்படித்தான் இருந்தது. ஆனால் அதைப் பெட்டிக்குள் மூடி வைத்திருந்தார்கள், யாரும் மடியில் வைத்துத் தடவவில்லை.

திருநெல்வேலி பேஸ்:
சரி சரி, விளங்கிவிட்டது.

நல்லூர் ஆறாம் தந்தி:
உறுமலுக்கு வருவோம். மீற்றர் இல்லாமலே ஒரு சோதனை. கிட்டாரை ட்யூன் செய்து ஆறாம் தந்தி மூன்றாம் கட்டையை மீட்டுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். உறுமல் அதே சுருதியில் இருந்தால் 100 ஹெர்ட்ஸ், அதாவது பிரிட்ஜுக்குப் பிறகு வடிகட்டல் போதவில்லை. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50. ஹீட்டரையோ கிரவுண்ட் கம்பியையோ பார்க்க வேண்டும்.

பிளக்கை ஆட்டினால் மாறுகிறது என்பதால் எனக்குக் கிரவுண்ட் முள்ளில்தான் சந்தேகம். 12 வோல்டில் ஒரு 12ஏஎக்ஸ்7 ஹீட்டர் 150 மில்லிஅம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் 300. அது முழுவதும் திரும்பி வருவது உங்கள் பொதுக் கிரவுண்ட் முள் வழியே. தொடுகையில் 0.05 ஓம் தடை இருந்தாலே 15 மில்லிவோல்ட் ஏசி நிற்கும். கிட்டார் தருவதே நூறு மில்லிவோல்ட் அளவில். மீற்றரை ஏசி மில்லிவோல்டில் வைத்து, ஒரு முனையைப் பெட்டியின் கிரவுண்டிலும் மறு முனையைப் பலகையின் கிரவுண்டிலும் வைத்துப் பாருங்கள்.

கொக்குவில் ஈயக்காரன்:
பார்த்தேன் அண்ணை. 18 மில்லிவோல்ட்! பிளக்கை அழுத்திப் பிடித்தால் 7. சுருதியும் மூன்றாம் கட்டைக்குக் கீழேதான்.

நல்லூர் ஆறாம் தந்தி:
பிறகென்ன, ஆள் பிடிபட்டான். ஹீட்டருக்கு இரண்டு முள் தனியாக, கிரவுண்டுக்கு வேறு முள். பலகையில் ஹீட்டர் எங்கேயும் கிரவுண்டைத் தொடக் கூடாது. இரண்டு கம்பியையும் முறுக்கிக் கொண்டுபோங்கள். பெட்டிக்குள் ஹீட்டர் கம்பி இரண்டுக்கும் நடுவே 220 ஓம் அரை வாட் இரண்டைத் தொடராகப் போட்டு, நடுப்புள்ளியைக் கிரவுண்டில் சேருங்கள். 6.3 வோல்டுக்கு 100 ஓம் போடுவது வழக்கம். 12 வோல்டில் அதற்குச் சூடு கூட.

மானிப்பாய் பழைய றேடியோ:
அதற்கும் மேலே ஒன்று. அந்த நடுப்புள்ளியைக் கிரவுண்டில் சேர்க்காமல் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் இன்னும் அமைதி. நான் சொன்ன 220 கேக்குக் கீழே ஒரு 47 கே தொடருங்கோ. சந்திக்கும் இடத்தில் 47 வோல்ட் அளவில் நிற்கும். 47 கேக்குக் குறுக்கே 10 மைக்ரோபராட், 100 வோல்ட். நடுப்புள்ளியை அங்கே கட்டுங்கோ. கதோட்டைவிட ஹீட்டர் மேலே நின்றால் ஹீட்டரிலிருந்து கதோட்டுக்குக் கசிவது நின்றுவிடும். வடிய இப்போது இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும்.

பிளக்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம். செத்த ஒக்டல் வால்வு ஒன்றின் அடிப்பாகம் காணும். துணியில் சுற்றிக் கண்ணாடியை உடைத்து, முள்ளை ஈயம் உருக்கித் துப்பரவாக்கினால் எட்டு முள் பிளக். நடுவில் சாவி (ஒரு பக்கம் மட்டும் பொருந்தும் மேடு) இருப்பதால் மாறிச் செருகவே ஏலாது. ஹீட்டர் 2, 7. கிரவுண்ட் 1, 8 இரண்டும் சேர்த்து. உயர் வோல்ட் 4. பக்கத்தில் 3, 5 வெறுமையாக இருக்கட்டும். சிக்னலை இதற்குள் விடாதீர்கள், அது தனி ஜாக்கில்.

கொக்குவில் ஈயக்காரன்:
மூன்று நாளாகி விட்டது, மன்னிக்க. பெட்டியில் ஒக்டல் சொக்கெற், பலகையில் ஐயா சொன்ன அடிப்பாகம். இப்போது இரண்டு கிரவுண்டுக்கும் நடுவே மீற்றர் 0.2 மில்லிவோல்டுக்கு மேல் போகவில்லை. உறுமல் போய்விட்டது. வொலியூமை முழுக்கத் திறந்தால் மெல்லிய 'ஸ்' மட்டும். மேசையில் ட்யூப் லைட்டை அணைத்தால் இருந்த கொஞ்ச 'ஸ்ர்ர்' சத்தமும் இல்லை.

இன்னும் மூன்று பலகைக்கு அடிப்பாகம் வேண்டும். ஐயாவிடம் இருக்குமா?

மானிப்பாய் பழைய றேடியோ:
பரணில் ஒரு பெட்டி கிடக்கிறது. கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவில் ட்ரான்சிஸ்டர் றேடியோ கேட்ட காலத்தில் மூடி வைத்தது. ஞாயிறு வாருங்கோ. ஆனால் எது செத்தது என்று நான்தான் சொல்லுவேன். அதற்கு முன் சுத்தியலை எடுத்தால் கதையே வேறு.