வெந்நீருக்கு நேரம், துண்டுக்கு மூன்று நாள்: இயற்கைக்காகவா, செலவைக் குறைக்கவா?

திருச்சிப்பயணி:
போன ஜனவரியில் குடும்பத்தோடு ஊட்டி போயிருந்தோம். சின்ன லாட்ஜ், வாடகை 1,800. குளியலறைக் கதவில் ஒரு அட்டை: "இயற்கையைக் காப்போம். துண்டு, பெட்ஷீட் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மாற்றப்படும்." வெந்நீர் காலை ஆறரை முதல் எட்டரை வரைதான். என் அம்மாவுக்கு எழுபது வயது. ஒன்பது மணிக்குக் குழாயைத் திறந்தால் கை விறைக்கிற தண்ணீர். அதே அறையில் ஷாம்பு மட்டும் பிளாஸ்டிக் சாஷேயில் வைத்திருந்தார்கள். இயற்கை பெயரைச் சொல்லிச் சேவையைக் குறைக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கோத்தகிரிலாட்ஜ்:
சார், நான் பன்னிரண்டு அறை வைத்து நடத்துகிறேன். அம்மாவுக்கு ஒரு பக்கெட் வெந்நீராவது கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும். அது அவர்கள் தவறுதான். ஆனால் கணக்கையும் பாருங்கள். ஜனவரி காலையில் தண்ணீர் 10 டிகிரிக்கு வந்துவிடும். 25 லிட்டர் கீசரை 45 டிகிரிக்கு ஏற்ற ஒரு யூனிட் ஆகும். ஒரு அறையில் நான்கு பேர் குளித்தால் மூன்று தடவையாவது போட வேண்டும். ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் அணைக்காமலே போய்விடுவார்கள். சோலார் போடச் சொல்வீர்கள். மூடுபனி நாளில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வரும், உறைபனி விழுந்த இரவில் குழாய் வெடித்த அனுபவமும் உண்டு. அதனால் சீகை மர (வாட்டில்) விறகு போடும் பாய்லர்தான். அதை நாள் முழுக்க எரிக்க முடியாது.

மேட்டுப்பாளையத்தான்:
துண்டையும் கீசரையும் விடுங்கள். உங்கள் செப்டிக் டேங்க் எங்கே போகிறது? அட்டையில் அதை எழுத மாட்டீர்கள். குன்னூர் ஆறு கீழே இறங்கி பவானியில் கலக்கிறது. பவானித் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். சரிவில் அறை மேல் அறையாகக் கட்டி, நாலு அறைக்குத் தோண்டிய குழியிலேயே பன்னிரண்டு அறையையும் இணைத்தால் நிரம்பி ஓடைக்குத்தான் வரும். மூன்று நாள் துண்டால் அது சரியாகிவிடுமா?

கோத்தகிரிலாட்ஜ்:
அண்ணே, எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கழிவு லாரி வந்து எடுத்த ரசீது ஒவ்வொன்றும் என்னிடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்வது நடக்கவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என் தெருவிலேயே மழை பெய்தால் நாற்றம் வருகிறது.

அறைசுத்தம்:
நான் குன்னூரில் ஒரு விடுதியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறேன். டேங்க் அடைக்கிறது எதனால் தெரியுமா? குழந்தை டயப்பர், துடைத்துப் போடும் ஈரத் தாள் (வெட் வைப்ஸ்). போனவாரம் ஒரே அறையின் கழிவறையில் இரண்டு டயப்பர் எடுத்தேன், கையுறை போட்டுக்கொண்டு. குப்பைக் கூடை அதே கழிவறையில் இரண்டடி தூரத்தில் இருந்தது. அப்புறம் சோப்பு. இரண்டு நாள் தங்குகிறவர்கள் மூன்று பிரிப்பார்கள், மூன்றும் பாதி கரைந்து கிடக்கும். சுவரில் பெரிய பாட்டில் மாட்டிப் பார்த்தோம். "இதில் யார் என்ன கலந்தார்களோ" என்று தொடமாட்டேன் என்கிறார்கள், மறுபடி சாஷேதான் கேட்கிறார்கள். துண்டு விஷயத்தில் நான் லாட்ஜ் பக்கம். ஜனவரி மூடுபனியில் பெட்ஷீட் காய மூன்று நாள் ஆகிறது. தினமும் மாற்றச் சொன்னால் ஈரத்தைத்தான் விரிக்க வேண்டும்.

திருச்சிப்பயணி:
பெட்ஷீட் காயாத விஷயம் எனக்குத் தெரியாது சகோதரி. அதை அட்டையில் எழுதியிருந்தால் கோபமே வந்திருக்காது. ஆனால் வெந்நீர் விஷயத்தில் என் பேச்சு மாறாது. வயதானவர்கள் வந்தால் நேரம் பார்க்கக் கூடாது.

மேட்டுப்பாளையத்தான்:
2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாடு முழுக்கத் தடை வந்தது. மலை ஏறும் வழியில் கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், நல்லது. கீழிருந்து மேலே போகும் பாட்டிலுக்கு இவ்வளவு சோதனை. மேலிருந்து கீழே வரும் கழிவுக்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்றுதான் கேட்கிறேன். கோத்தகிரி அண்ணே, அந்த லாரி ரசீதை வரவேற்பு மேஜையில் தேதியோடு ஒட்டுவீர்களா?

கோத்தகிரிலாட்ஜ்:
ஒட்டுகிறேன். கடைசியாக எடுத்தது நவம்பரில். அடுத்தது சீசனுக்கு முன்னால், மார்ச்சில். வெந்நீருக்கும் ஒரு வரி சேர்க்கிறேன்: பெரியவர்களுக்கு எந்நேரமும் பக்கெட்டில் கிடைக்கும், மணி அடிக்கவும்.