பொங்கல் மறுநாள் சுண்டக்கறி: உங்கள் வீட்டு அனுபவம்

தாமிரபரணிக்காரி
சிறுகிழங்கு, சேனை, வாழைக்காய், அவரை எல்லாம் போட்ட பொங்கல் குழம்பு எங்கள் வீட்டில் மிஞ்சாமல் இருந்ததே இல்லை. மிஞ்சட்டும் என்றே ஆச்சி கூடுதலாக வைப்பாள். மாட்டுப்பொங்கல் காலையில் குழம்பு, அவியல், பொரியல் எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் கொட்டி, தீயைத் தணித்துச் சுண்ட விடுவாள். கிழங்கு கரைந்து ஓரத்தில் எண்ணெய் கசியும். வழித்த சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து எல்லோர் கையிலும் உருண்டை.

அந்த வருஷம் அண்ணனுக்குத் தலைப்பொங்கல். மதினி சென்னைப் பெண். முதல் உருண்டையை ஆச்சி அவளிடம்தான் நீட்டினாள். "எங்க வீட்ல பழசு சாப்பிட மாட்டோம் பாட்டி" என்றாள் மதினி, மரியாதையாகத்தான். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. நீட்டிய கையை மடக்கி, உருண்டையைச் சட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தாள். விரல் இடுக்கெல்லாம் சுண்டக்கறி ஒட்டியிருந்தது. அதை எப்படிப் பழசு என்பது? அதற்காகத்தானே முந்தின நாள் அத்தனை கிழங்கும் வாங்கினோம்!

நாஞ்சில் அடுப்படி
அக்கா, அவியலையும் சேர்த்தா கொட்டுவீர்கள்? தயிர் ஊற்றிய அவியலைச் சுண்டவைத்தால் திரிந்துபோகும். எங்கள் வீட்டு அவியலுக்கு மாங்காய்தான், அதனால் தைரியமாகச் சேர்ப்போம். தயிர்தான் வேண்டும் என்றால், ஊற்றுவதற்கு முன்பே மறுநாளைக்குக் கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள். ரசமும் பச்சடியும் பக்கத்திலேயே வரக்கூடாது.

நாங்கள் பழங்கறி என்போம். பொங்கலைவிடக் கல்யாண வீட்டு மறுநாள்தான் அதற்கு ருசி. பெரியப்பா மகள் கல்யாணத்தில் பந்தி முடியும்வரை பெரியப்பா இலையில் உட்காரவே இல்லை. மறுநாள் பந்தல் பிரிக்கிற சத்தத்துக்கு நடுவே, கவிழ்த்த சமையல் வார்ப்பின் மேல் உட்கார்ந்து கஞ்சியும் பழங்கறியும் குடித்தார். பாதியில் நிறுத்தி, "அவளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்லா" என்றார். யாருக்கும் பதில் வரவில்லை.

குடந்தை
எங்களுக்கு மறுநாள் என்றால் கனு. முதல் நாள் சோற்றையும் சர்க்கரைப் பொங்கலையும் எடுத்து, மஞ்சள் சோறு, குங்குமம் கலந்த சிவப்புச் சோறு, தயிர்சோறு என்று மஞ்சள் செடியின் இலையில் காக்கைக்குப் பிடி பிடியாக வைப்போம். கூடப்பிறந்தவர்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று பெண்கள் வைப்பது. அத்தைக்கும் அப்பாவுக்கும் நிலத் தகராறு, பேச்சே கிடையாது. ஆனாலும் மொட்டை மாடியில் அத்தை, "காக்காப்பிடி வச்சேன், கனுப்பிடி வச்சேன்" என்று சொல்லிவிட்டு அப்பா பெயரையும் சொன்னதை நான் கேட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா?

மதுரை மல்லி
எங்கள் தெருவில் ஒரு வீட்டில், ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில் கிடந்த வெண்பொங்கலைச் சாப்பிட்டுக் குழந்தைகள் எல்லாம் வாந்தி. அந்தச் சின்னப் பையனின் முகம் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் வேகும்போதும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் பெருகி நஞ்சு விடும். வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. ஆகவே "நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டேன்" என்று சமாதானப்படாதீர்கள். பெரிய பானையில் அப்படியே விட்டால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். அகலமான தட்டுகளில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். 5 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். தேங்காய் அரைத்த கூட்டுக்கும் இதே கவனம் வேண்டும். வேண்டிய அளவு மட்டும் எடுத்து ஆவி பறக்கச் சுடவையுங்கள், ஒரே தடவை. குடந்தை, நேற்றைய சோறு காக்கைக்குப் போகட்டும். குழந்தைகளுக்குக் காலையில் புதிதாக வடித்த சோற்றில் எலுமிச்சை, தேங்காய் கலந்து கொடுங்கள்.

தாமிரபரணிக்காரி
மல்லி, ஃபிரிட்ஜ் சரிதான், நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். காலையில் அதை மண்சட்டிக்கு மாற்றிச் சுண்ட வைத்தால் ருசி குறைவதில்லை. நாஞ்சில், எங்கள் அவியலிலும் தயிர் கிடையாது, புளிதான். குடந்தை, இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.