புதுப்பிப்பு: அலுமினியத்தில் முகம் தெரிகிறது!

மில்லிங் (சுழலும் வெட்டுக்கருவியால் செதுக்குவது) முடித்த, 6061 என்ற கலவை வகை அலுமினியத் தட்டின் படத்தைப் போட்டு, பஃபிங் மெஷின் (சுழலும் துணிச் சக்கரத்தால் மெருகேற்றும் இயந்திரம்) இல்லாமல் கையாலேயே கண்ணாடி மாதிரி ஆக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடியும், முடித்துவிட்டேன்.

முக்கால்வாசி வேலை வாட்டர் பேப்பரில்தான், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளில். நம்பர் கூடக்கூடத் தாள் நைசாகும். 320-இல் தொடங்கி 400, 600, 800, 1000, 1500, 2000 என்று எதையும் தாண்டாமல் போனேன். நம்பர் மாறும்போதெல்லாம் தேய்க்கும் திசையையும் குறுக்காக மாற்றுங்கள், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பழைய கோடு எது இன்னும் போகவில்லை என்று பளிச்சென்று தெரிந்துவிடும். பி320 தாளின் துகள் சுமார் 46 மைக்ரான், பி2000-இல் 10 மைக்ரான்தான், அதனால் 320 போட்ட கோட்டை 2000-ஐ வைத்து எடுக்கப் பார்த்தால் கைவலிதான் மிச்சம். தாளைத் தட்டையான கட்டையில் சுற்றியே தேய்க்க வேண்டும், வெறும் விரலால் அழுத்தினால் பரப்பு அலையலையாகி பிம்பம் நெளியும்.

மண்ணெண்ணெய் தொட்டுக்கொள்ளச் சொன்னவருக்கு மிகவும் நன்றி, தாளில் அலுமினியத் தூள் அடைப்பது நன்றாகக் குறைந்தது.

அப்புறம் ஆட்டோசால் என்ற மெட்டல் பாலிஷ் பசை, பழைய பனியன் துணியில் கொஞ்சமாக. துணி கன்னங்கரேலென்று ஆகும், பயப்படாதீர்கள், அது தேய்ந்து வரும் உலோகம்தான். மிச்சமிருந்த பிசுக்கு மைதா தூவித் துடைத்ததும் போய்விட்டது.

அனோடைஸ் செய்தால் (மின்சாரம் பாய்ச்சி மேலே ஆக்சைடு படலம் உண்டாக்கினால்) இந்தப் பளபளப்பு கொஞ்சம் மங்கும், எனக்கு மனசு வரவில்லை. இப்போதைக்கு மெழுகு மட்டும் பூசியிருக்கிறேன்.